ஆர்ஜியா அம்மாளுக்குக் கொடுத்த வாக்கு

"இன்னொரு தடவை திருப்பிப் பாரு," என்றாள் நோர்மா.

அவள் புருஷன் எர்மெஸ் கவியோலி கார்ச் சாவியைத் திருப்பினார். வண்டி ஒருமுறை இருமியது. முகப்பு லேசாகக் குலுங்கியது. பிறகு, சொல்ல வந்ததைச் சொல்லி முடித்துவிட்ட மாதிரி அடங்கிப்போனது.

"இருமுது பாத்தியா?" என்றார் எர்மெஸ். "போன வாரம் அதுகூட இல்ல."

"அது இருமறதைக் கேக்கவா நான் தலையைச் சீவி, கம்மல் போட்டு, பொம்மை மாதிரி உக்காந்திருக்கேன்?"

மாதா கோயிலில் பெரிய பூசை முடிந்து மணி அடித்தது. எர்மெஸுக்கு நெற்றியில் வியர்த்தது. ஊர் மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்காருவதற்குள் இந்த வண்டி மலையேறியாக வேண்டும். மேலே மொந்தெகாரா கிராமத்தில் ஒரு மஞ்சள் வீட்டு ஜன்னலைத் தாண்டியாக வேண்டும். அந்த ஜன்னலில் ஒரு விதவை காத்துக்கொண்டிருப்பாள். அவளுக்கு அவர் வாக்குக் கொடுத்திருந்தார்.

"தள்ளலாமா?" என்றார் மெதுவாக.

நோர்மா கம்மலைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டு இறங்கினாள்.

எர்மெஸுக்கு இத்தாலியில், விஞ்ஞோலா என்ற ஊரில் மூக்குக்கண்ணாடிக் கடை. ஊரில் பாதிப் பேருடைய மூக்கின் மேல் அவர் கைவேலைதான் உட்கார்ந்திருந்தது. அதிர்ந்து பேசாத மனிதர். கடைக்கு வந்தவர்கள் பேச்சுவாக்கில் கண் கலங்கினால், லென்ஸ் துடைக்கும் துணியை எடுத்து நீட்டிவிட்டுத் தானும் சேர்ந்து கலங்குவார். அவருக்கு இருந்தது ஒரே ஒரு பைத்தியம். பழைய கார்கள். வாங்கியது கிடையாது, பார்த்ததோடு சரி. கல்லாவுக்குப் பின்னால் மாதத்துக்கு ஒரு கார் படம் போட்ட காலண்டர் தொங்கும். வருஷம் முடிந்தாலும் அதைக் கழற்றமாட்டார்.

போன ஏப்ரலில் ஆர்ஜியா அம்மாள் கடைக்கு வந்ததும் அந்தக் காலண்டரில்தான் அவள் பார்வை போய் நின்றது. கறுப்பு உடுப்பு, வெள்ளிச் சிலுவை, எழுபதைத் தாண்டிய வயது. கூடவே அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு, வீட்டோடு இருந்து அவளைப் பார்த்துக்கொள்ளும் ருமேனியாக்காரி தோயினா.

"படிக்கறதுக்கா சிஞ்ஞோரா, தூரப்பார்வைக்கா?" என்று மரியாதையாகக் கேட்டார் எர்மெஸ்.

"தூரத்துக்குத்தான் தம்பி. படிக்க இனிமே என்ன இருக்கு? ரோட்டுல என்ன வருதுன்னு தெரியணும். அது போதும் எனக்கு." பிறகு காலண்டரைக் காட்டி, "காரெல்லாம் பிடிக்குமோ?" என்றாள்.

"பாக்கப் பிடிக்கும்."

அம்மாள் நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"எங்க வீட்டுக்காரர் இல்வானோ தவறி ரெண்டு வருஷமாச்சு. ஒரு கொர்வினி கார் வெச்சிட்டுப் போயிருக்காரு. செர்ரிப் பழம் மாதிரி செவப்பு. மேல் கூரையை மடக்கிக்கலாம்."

எர்மெஸ் கையிலிருந்த லென்ஸ் நழுவிக் கீழே விழுந்தது. கொர்வினி! மோதெனாப் பக்கத்தில் கொஞ்ச காலமே நடந்து, அறுபதுகளின் கடைசியில் மூடிப்போன சின்னத் தொழிற்சாலை. அந்தத் தொழிற்சாலை ஏன் மூடிப்போனது என்று அவர் அப்போதே யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

மறுநாளே மலையேறிப் போய்ப் பார்த்தார். கொட்டகையில், ஒரு பழைய படுக்கை விரிப்புக்கு அடியில் அது நின்றுகொண்டிருந்தது. விரிப்பை விலக்கியதும் எர்மெஸுக்கு மூச்சு நின்றுவிட்டது. அந்த நீண்ட மூக்கு, அந்த வளைந்த இடுப்பு, அந்த வட்டக் கண்கள்! நோர்மாவைப் பெண் பார்த்தபோதுகூட அவர் இப்படி வாய் பிளந்து நிற்கவில்லை. இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

ஆர்ஜியா அம்மாள் கொட்டகைக்குள் வரவில்லை. சமையலறை வாசலிலேயே, தோயினாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நீங்க பாருங்க தம்பி. எனக்குக் கிட்ட வந்தா நெஞ்சு அடைக்கும். கல்யாணம் ஆனதுல இருந்து எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல இருந்த வண்டி அது."

அவள் சொன்ன விலை மிகவும் குறைவு. திருப்பிச் சொல்ல எர்மெஸுக்கே கூச்சமாக இருந்தது. பாவம், விலை தெரியாதவள், ஏமாற்றுகிறோமோ என்று தவித்துப்போனார்.

"பணம் எனக்குப் பெருசில்ல," என்றாள் அம்மாள். "ஆனா எனக்கு ஒரு வாக்கு வேணும். இதை விக்கக் கூடாது. யாருக்கும். உங்ககிட்டயே இருக்கணும்."

"சத்தியமா சிஞ்ஞோரா."

"ஞாயித்துக்கிழமை தவறாம, சாப்பாட்டுக்கு முன்னாடி, இந்த ஜன்னல் வழியா ஒரு தடவை ஓட்டிட்டுப் போகணும். என் கண்ணால பாக்கணும். பாக்கலேன்னா எனக்குச் சோறு இறங்காது."

"அதுக்கென்ன? வாசல்ல நிறுத்தி உங்களையும் ஏத்திட்டு ஒரு சுத்து—"

"வேண்டாம்!" அம்மாளின் குரல் உடைந்தது. நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். "கேட்டைத் தாண்டி உள்ள மட்டும் கொண்டு வந்துடாதீங்க தம்பி. அதை நான் தாங்க மாட்டேன்."

எர்மெஸ் மூக்கை உறிஞ்சிக்கொண்டார். இறந்துபோன கணவன் மேல் இப்படி ஒரு அன்பா! வீடு திரும்பும் வழியெல்லாம், தான் செத்துப்போனால் தன் சைக்கிளைப் பார்த்து நோர்மா இந்த அளவுக்கு அழுவாளா என்று யோசித்துக்கொண்டே போனார். அழுவாள் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

முதல் இரண்டு ஞாயிறு சொர்க்கம். கூரையை மடக்கிவிட்டு, செர்ரித் தோப்புகள் பூத்து வெளுத்துக் கிடந்த மலைப்பாதையில் புருஷனும் பெண்டாட்டியும் போனார்கள். நோர்மா கழுத்துத்துணி பறக்கச் சிரித்தாள். ஜன்னலில் அம்மாள் நின்று, வண்டி தாண்டுகிற வரைக்கும் பார்த்து, நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். எர்மெஸ் ஹாரனை ஒருமுறை செல்லமாகத் தட்டினார்.

மூன்றாவது ஞாயிறு வண்டி கிளம்பவில்லை.

மெக்கானிக் அதெல்மோ வந்து பார்த்தார். ஊரில் பழைய வண்டி பார்க்கிற ஒரே ஆள். தான் டாக்டர் இல்லை என்று எர்மெஸ் எத்தனை தடவை சொன்னாலும் அவரை 'டாக்டரே' என்றுதான் கூப்பிடுவார்.

"பேட்டரி போச்சு டாக்டரே. நல்லதா, பெருசா ஒண்ணு போட்டுடறேன்."

போட்டார். வண்டி பிடித்துக்கொண்டது. கூடவே ஒயர்களிலிருந்து புகையும் வந்தது.

"பழைய ஒயரு, தாங்கல. எண்பது வயசுக் கிழவனுக்கு மூணு காப்பியை ஒண்ணா ஊத்தின மாதிரி ஆயிடுச்சு. ஒயரை மாத்திடலாம்."

மாற்றினார். புகை நின்றது. ஆனால் ஸ்டியரிங்கை இடதுபக்கம் ஒடித்தால் ஹாரன் அடிக்க ஆரம்பித்தது. மொந்தெகாராவுக்குப் போகும் பாதை முழுக்க இடதுபக்கத் திருப்பங்கள். அந்த ஞாயிறு மலை அடிவாரத்திலிருந்து உச்சி வரை கல்யாண ஊர்வலம் மாதிரி அலறிக்கொண்டே போனது வண்டி. ஆடுகள் சிதறின. பூசையிலிருந்து வெளியே வந்தவர்கள் யார் வீட்டுக் கல்யாணம் என்று எட்டிப் பார்த்தார்கள். மஞ்சள் வீட்டு ஜன்னலில் ஆர்ஜியா அம்மாள் இரண்டு கன்னத்திலும் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"பாவம்," என்றார் எர்மெஸ். "இல்வானோ ஞாபகம் வந்துடுச்சு போல."

"காதைப் பொத்திக்கிட்ட மாதிரி இருந்துச்சு எனக்கு," என்றாள் நோர்மா.

ஹாரன் ஒயரைத் துண்டித்தார் அதெல்மோ. அதோடு பிரேக் விளக்கும் போய்விட்டது. பிரேக் விளக்கைச் சரிசெய்ததும் மழைத் துடைப்பான் இரண்டும் வெயிலில் தானாக ஓட ஆரம்பித்தன. அதை நிறுத்தியதும் கூரை இயந்திரம் அடைத்துக்கொண்டது, அதுவும் திறந்த நிலையில். எர்மெஸ் தலையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்:

"இதுக்கு என்னதான் நோய், அதெல்மோ?"

அதெல்மோ கையைத் துடைத்துக்கொண்டு வண்டியை அன்போடு பார்த்தார். "நோயெல்லாம் ஒண்ணும் இல்ல டாக்டரே. இது அதோட குணம்."

இலையுதிர்காலம் வந்தது. மழை வந்தது. கூரை வரவில்லை. அக்டோபரில் ஒரு ஞாயிறு நோர்மா குடையைப் பிடித்துக்கொண்டு கூட வந்தாள். மூன்றாவது திருப்பத்தில் காற்று குடையைப் பிடுங்கிக்கொண்டு போனது. ஜன்னலைத் தாண்டும்போது இரண்டு பேரும் சொட்டச் சொட்ட நனைந்த முகத்தோடு அம்மாளுக்குக் கையசைத்தார்கள். திங்கட்கிழமை நோர்மாவுக்குக் காய்ச்சல் நெருப்பாய்க் கொதித்தது.

அடுத்த ஞாயிறு அவள் பக்கத்தில் உட்கார்ந்து சூப் ஊட்ட வேண்டியிருந்ததால் எர்மெஸ் மலையேறவில்லை. ஒரு வாரம்தானே, மன்னிப்பாள் என்று நினைத்தார்.

மறுநாள் காலை கடையில் போன் மணி அடித்தது.

"தம்பி..." ஆர்ஜியா அம்மாளின் குரல் நடுங்கியது. "வண்டி எங்க தம்பி?"

"வீட்டுலதான் சிஞ்ஞோரா. என் மனைவிக்கு—"

"வித்துட்டீங்களா? சொல்லிடுங்க. யாருகிட்ட இருக்கு? எங்க இருக்கு இப்போ?"

"ஐயோ, எங்கிட்டதான் இருக்கு! சத்தியமா!"

"நேத்து நாள் முழுக்க ஜன்னல்லயே நின்னேன். பச்சைத் தண்ணி இறங்கல. தூங்கல. வெளிய ஏதாவது சத்தம் கேட்டா, வந்துடுச்சோ வந்துடுச்சோன்னு நெஞ்சு அடிச்சுக்குது."

எர்மெஸ் போனை வைத்துவிட்டு, கடைக்கு வந்தவர்களை மறந்து, ஒரு வயதான பெண்ணைப் பட்டினி போட்ட பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டார். இனி உயிரே போனாலும் ஒரு ஞாயிறுகூடத் தவறுவதில்லை என்று முடிவெடுத்தார்.

அந்த வாரம்தான் அதெல்மோ எஞ்சினை வெளியே எடுத்தார்.

"எடுத்துட்டீங்களா? முழுசாவா?"

"முழுசா எடுத்தாத்தானே டாக்டரே உள்ள என்னன்னு தெரியும்? கிறிஸ்துமஸுக்குள்ள மாட்டிடுவேன்."

"ஞாயித்துக்கிழமைக்கு நான் என்ன பண்றது?"

அதெல்மோ தாடையைச் சொறிந்தார். "அந்த அம்மா வீடு இறக்கத்துலதானே இருக்கு?"

ஞாயிறு காலையில் அதெல்மோவின் மச்சான் டிராக்டரில் கயிறு கட்டி, பின்பக்கத் தோட்டப் பாதை வழியாக வண்டியை மலை உச்சிக்கு இழுத்துப்போய் விட்டான். எஞ்சின் இல்லாத கொர்வினியில் எர்மெஸ் தனியாக ஏறி உட்கார்ந்தார். மடியில் நோர்மாவின் கேசட் ரேடியோ. அதில், வேறொரு வண்டியின் உறுமலை அதெல்மோ பதிவு செய்து கொடுத்திருந்தார். காது கொடுத்துக் கேட்டால் நடுவில் யாரோ "அந்த ஸ்பேனரை எடுடா" என்பதும் கேட்கும்.

வண்டி மெல்ல உருளத் தொடங்கியது. நன்றாகத்தான் போனது. மஞ்சள் வீட்டுக்கு முன்னால் சாலை கொஞ்சம் சமதளமாகிறது என்பதை யாரும் யோசிக்கவில்லை. சரியாக ஆர்ஜியா அம்மாள் வீட்டுக் கேட்டுக்கு எதிரே வண்டி தயங்கியது. மெதுவாகியது. நிற்கப் பார்த்தது. ரேடியோ மட்டும் மூன்றாவது கியரில் உறுமிக்கொண்டிருந்தது.

ஜன்னல் கதவுகள் படீரென்று திறந்தன.

"நிறுத்தாதீங்க!" என்று அலறினாள் ஆர்ஜியா அம்மாள். பாதி உடம்பு வெளியே வந்துவிட்டது. பின்னாலிருந்து தோயினா இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். "போங்க தம்பி! போய்டுங்க! மாதாவே, தள்ளிவிடு!"

எர்மெஸ் கதவைத் திறந்து ஒரு காலை வெளியே விட்டுத் தரையை உதைத்தார். உதைத்துக்கொண்டே அழுதார். கட்டினவருக்காக இந்த அம்மாள் இப்படித் துடிக்கிறாளே! கடைசி உதையில் வண்டி இறக்கத்தைப் பிடித்தது. அவர் நன்றியோடு திரும்பிக் கையசைத்தார். அதனால் முன்னால் வந்த வளைவைக் கவனிக்கவில்லை.

பிரேக்குக்கும் எஞ்சினுக்கும் ஏதோ உறவு உண்டு என்பது அவருக்கு அப்போதுதான் புரிந்தது. கீழே சின்ன மைதானத்தில் அறுவடைத் திருவிழா. மேளக்காரர்கள் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டார்கள். பெரிய டிரம் வைத்திருந்தவர் மட்டும் பிரியவில்லை, டிரம்மைப் போட்டுவிட்டு ஓடினார். வண்டி டிரம்மைத் தாண்டி, பலகாரக் கடையின் துணிப் பந்தலுக்குள் நுழைந்து, திராட்சை மிதிக்கும் பெரிய மரத்தொட்டியில் முட்டி நின்றது. ஊதாச் சாறு மேலே எழும்பி, கூரையில்லாத வண்டிக்குள் சாவகாசமாக இறங்கியது. ரேடியோ இரண்டு தடவை "ஸ்பேனரை எடுடா" என்று சொல்லிவிட்டு அணைந்தது.

போலீஸ்காரர் வந்து, எர்மெஸை மேலும் கீழும் பார்த்தார். முகப்பைத் திறந்தார். உள்ளே எட்டிப் பார்த்தார். மூடினார். மறுபடி திறந்து பார்த்தார்.

"எஞ்சின் எங்கய்யா?"

"மெக்கானிக்கிட்ட இருக்கு."

"அப்போ நீங்க எதை ஓட்டிட்டு வந்தீங்க?"

எர்மெஸ் அணைந்த ரேடியோவை எடுத்து நீட்டினார்.

நவம்பரில் லுகானோவிலிருந்து ஒரு சுவிஸ்காரர் வந்தார். பழைய வண்டிகள் சேர்ப்பவர். எப்படியோ கேள்விப்பட்டிருக்கிறார். அதெல்மோவின் பட்டறையில், அரை எஞ்சினோடு, திராட்சை வாசனையோடு நின்ற வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். கண்ணில் நீர் தளும்பியது.

"இது ஓடவே ஓடாது," என்றாள் நோர்மா. ஒளிவுமறைவு அவளுக்குப் பழக்கமில்லை.

"ஓட வேண்டாம் மேடம். என் வீட்டு ஹால்ல நிறுத்தி வெச்சுப் பாத்துட்டே இருக்கப்போறேன். நீங்களே விலை சொல்லுங்க."

நோர்மா மேலே பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டாள். பதினாறு வயதில் விட்ட வழக்கம். "எர்மெஸ்," என்றாள், கனிந்த குரலில். "கேட்டியா? ஓட வேண்டாமாம்!"

எர்மெஸ் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்னால விக்க முடியாது."

சுவிஸ்காரர் தன் முகவரி அட்டையை முகப்பின் மேல் வைத்துவிட்டு நாசூக்காக நகர்ந்தார். அதெல்மோ இல்லாத ஒரு கருவியைத் தேடிக்கொண்டு பின்பக்கம் போனார்.

"வாக்குக் குடுத்திருக்கேன் நோர்மா. செத்துப்போன மனுஷனோட பொண்டாட்டிக்கு."

"உயிரோட இருக்கற மனுஷனோட பொண்டாட்டிக்கும் ஒரு வாக்குக் குடுத்திருக்க. மாதா கோயில்ல, ஊரே பாக்க. சுகத்திலும் துக்கத்திலும்னு. துக்கம் மட்டும்தான் இந்த வருஷம் வந்து சேர்ந்துச்சு."

"அந்த அம்மா செத்துடுவாங்க, நோர்மா. சாப்பிட மாட்டாங்க."

"நான் சாப்பிட்டேனான்னு என்னைக்காவது ஞாயித்துக்கிழமை கேட்டிருக்கியா?"

அன்று சாயங்காலமே அவள் பொலோஞ்ஞாவிலுள்ள தங்கை வீட்டுக்குக் கிளம்பினாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் ரயில் ஏற்றிவிடக்கூட எர்மெஸால் முடியவில்லை. தள்ளித் தள்ளி இடுப்பு பிடித்துக்கொண்டிருந்தது.

அந்தக் குளிர்காலத்தை எர்மெஸ் எப்படிக் கழித்தார் என்பதை விவரிக்க வேண்டாம். பாக்கெட்டில் வந்த தோர்தெல்லினி என்ற குட்டிக் கொழுக்கட்டைகளைத் தண்ணீரில் போட்டு, உப்பு மறந்து, நின்றபடியே சாப்பிட்டார். நகக்கண்ணில் ஏறிய கிரீஸ் எதற்கும் போகவில்லை. புதுக் கண்ணாடி வாங்கிப் போனவர்கள், உலகத்தின் நடுவில் ஒரு கறுப்புப் பெருவிரல் ரேகை தெரிகிறது என்று திரும்பி வந்தார்கள். ஒருநாள் பாதிரியாரின் லென்ஸைப் பஸ் டிரைவருக்கு மாட்டிக் கொடுத்துவிட்டார். பஸ் மாதா கோயில் படிவரை வந்துதான் நின்றது. அதன்பிறகு ஜனங்கள் கண்ணாடிக்கு மோதெனா போக ஆரம்பித்தார்கள்.

ஆனால் ஞாயிறு மட்டும் தவறவில்லை. எஞ்சின் வரும்வரை டிராக்டர் இழுத்துக்கொண்டு போனது. எஞ்சின் திரும்ப வந்ததும், இரண்டாவது கியர் மட்டும் விழும் வண்டியில், கூரையில்லாமல், பனியில், தலையில் கம்பளித் தொப்பியும் அதற்கு மேல் நோர்மாவின் பழைய போர்வையுமாக மலையேறினார். ஜன்னலுக்குள் விளக்கு வெளிச்சம் இதமாகத் தெரியும். கறிச்சாறு வாசனை தெருவரை வரும். அம்மாள் பார்ப்பாள், சிலுவை போட்டுக்கொள்வாள், உள்ளே போவாள். 'ஒரு ஜீவனாவது என்னால் நிம்மதியாக இருக்கிறது' என்று நினைத்துக்கொண்டு அவர் கீழே இறங்குவார். சில வாரம் வண்டியும் கூடவே இறங்கும். சில வாரம் அதைப் பாதி வழியில் விட்டுவிட்டு நடப்பார்.

செர்ரி மறுபடி பூத்தது. ஒரு வெள்ளிக்கிழமை நோர்மா போன் செய்தாள்.

"அந்தச் சுவிஸ்காரர் இங்க போன் பண்ணாரு. இன்னும் வேணுங்கறாரு. ஞாயித்துக்கிழமை வர்றேங்கறாரு."

எர்மெஸுக்கு அவள் குரலைக் கேட்டதே போதும் என்று இருந்தது.

"எர்மெஸ், நான் ஒண்ணு சொல்றேன், கேளு. அந்த அம்மாவை நேர்ல போய்ப் பாரு. எல்லாத்தையும் சொல்லு. கடை போச்சுன்னு சொல்லு, இடுப்பு போச்சுன்னு சொல்லு, பொண்டாட்டி போயாச்சுன்னு சொல்லு. மனுஷிதானே? வாக்கைத் திருப்பிக் குடுத்துடுவா."

"மனசு உடைஞ்சிடும் அவங்களுக்கு."

"இங்க ஒண்ணு உடைஞ்சு வருஷமாகப் போகுது." பிறகு தாழ்ந்த குரலில், "ஒழுங்கா சாப்பிடறியா?" என்றாள்.

சனிக்கிழமை காலை எர்மெஸ் நல்ல கோட்டு போட்டுக்கொண்டு, பஸ் பிடித்து மொந்தெகாரா போனார். கையில் ஒரு பூங்கொத்து. வழியெல்லாம் சொல்ல வேண்டியதை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். 'சிஞ்ஞோரா, உங்க அன்பு பெருசு, என் சக்தி சின்னது.' நன்றாக இருந்தது. ஆனால் மஞ்சள் வீட்டைப் பார்த்ததும் பூங்கொத்தைக் கைமாற்றிக் கைமாற்றிப் பிடிக்க ஆரம்பித்தார்.

கேட்டுக்குள் தோயினா வாசல் பெருக்கிக்கொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் அவள் முதலில் பார்த்தது அவரை அல்ல, அவருக்குப் பின்னால் இருந்த சாலையை.

"வண்டி எங்க ஐயா?" என்றாள் பதற்றமாக.

"கீழ, வீட்டுல. நான் பஸ்ல வந்தேன். அம்மா இருக்காங்களா?"

"முடி வெட்டிக்கப் போயிருக்காங்க. சாப்பாட்டுக்கு வந்துடுவாங்க."

அதைக் கேட்டதும் எர்மெஸ் கேட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். சேர்த்து வைத்திருந்த வார்த்தைகளெல்லாம் தவறான ஆளிடம் கொட்டின. ஹாரனைச் சொன்னார், மழையைச் சொன்னார், மரத்தொட்டியைச் சொன்னார், நோர்மாவைச் சொன்னார். பூங்கொத்து மடியில் நசுங்கியது.

"நாளைக்குச் சுவிஸ்காரர் வர்றாரு. அவருக்குக் குடுத்தா என் பொண்டாட்டி திரும்பி வருவா. குடுக்காம இருந்தா நான் பைத்தியமாயிடுவேன். ஆனா அம்மா முகத்தைப் பாத்து எப்படிம்மா சொல்லுவேன்? வீட்டுக்காரர் மேல இருந்த பிரியத்தை எல்லாம் அந்த வண்டி மேல வெச்சிருக்காங்க. வாராவாரம் ஜன்னல்ல நின்னு கண்கலங்கி, சிலுவை போட்டு... அவங்க பிரியத்தைப் போய் நான் எப்படி விக்கறது?"

தோயினா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவைத்தாள். அவரை உற்றுப் பார்த்தாள்.

"பிரியமா?" என்றாள். "ஐயா, உங்களுக்கு முன்னாடி பார்மாக்காரர், பொலோஞ்ஞாக்காரர்னு மூணு பேரு அதை வாங்கிட்டுப் போனாங்க. மூணு பேருமே சொல்லாம கொள்ளாம கேட்டுக்குள்ள தள்ளிவிட்டுட்டு ஓடிட்டாங்க. அதனாலதான் ஞாயித்துக்கிழமை ஆனா அம்மா ஜன்னலை விட்டு நகர்றதில்ல. நீங்க அந்தப் பக்கம் தாண்டிப் போனதும், 'மாதாவே, இன்னும் அந்த ஆளுகிட்டதான் இருக்கு'ன்னு நெஞ்சுல சிலுவை போட்டுக்கிட்டு வந்து உக்காந்து, ரெண்டு தட்டு சாப்பிடறாங்க!"